சென்னையின் எஃப்சி பெஞ்சு: எந்த வருசத்து மாற்று ஆட்கள் கெட்டி? (சேலம் – ஏற்காடு ரசிகர்கள்)

#1 அஸ்தம்பட்டி லெஃப்ட்பேக்

முதல் பதினோரு பேரைப் பத்தி நிறைய பேசியாச்சு. இந்த இழை 12-ல இருந்து 18 வரைக்கும் உள்ளவங்களுக்கு. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) ஆடின நம்ம மூணு அணியை எடுத்துக்குவோம்: வருசம், பயிற்சியாளர், முடிவு. 2015, மேட்டரசி, கோப்பை. 2017-18, ஜான் கிரிகரி, கோப்பை. 2019-20, கிரிகரி ஆரம்பிச்சு ஓவன் கோய்ல் முடிச்சு வச்சது, இறுதியில கொல்கத்தா அணி ஏடிகேகிட்ட 1-3. இந்த மூணுல எதோட பெஞ்சு உருப்படி?

நிபந்தனை ரெண்டு. பேரை மட்டும் போட்டுட்டு ஓடக்கூடாது. எந்த இடத்துல, யாருக்குப் பதிலா, ஏன்னு சொல்லணும். "அவன் வேஸ்ட்டு"ங்கிற வார்த்தை இங்க செல்லாது. குறை முதல் டச்சுலயா, ஓட்டத்துலயா, நிலை எடுக்கிறதுலயா, அதைச் சொல்லுங்க.

என் ஓட்டு 2017-18. காரணத்தை மத்தவங்க பேசினப்புறம் சொல்றேன்.

#2 குகை கோலி

இதுல யோசிக்க என்ன இருக்கு? 2015 தான். மெண்டோசா 13 கோல், அதிக கோல் அடிச்சவருக்கான கோல்டன் பூட். கோவாவோட ஃபடோர்டா அரங்குல இறுதி, 87-வது நிமிசத்துல கோவா 2-1ன்னு முன்னாடி போறாங்க. 90-ல கோவா கீப்பர் கட்டிமணி கையில பட்டு சொந்த கோல், 92-ல மெண்டோசா. எலானோ, பெலிசாரி, ஃபிக்ரு, பிளாசி, மெண்டின்னு பெரிய பேருங்க. இத்தனை பேருல யாராவது ஒருத்தர் வெளிய உட்கார்ந்துதான ஆகணும்? அதுதான் பெஞ்சு.

#3 செவ்வாய்ப்பேட்டை கொலுசு

கோலி தம்பி, நீங்க சொன்னது முதல் பதினோரு பேரோட பெருமை. மெண்டோசா பெஞ்சுல இருந்து வந்து அடிச்சதில்ல அந்த கோல்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். ஒரு ஆட்டத்துக்கு 11 பேர், 90 நிமிசம், ஆக மொத்தம் 990 ஆள்-நிமிசம். மூணு மாற்றம் இருந்த காலத்துல 60, 70, 80-வது நிமிசத்துல ஆளுக்கொருத்தரா இறக்கினா, 30 + 20 + 10 = 60 நிமிசம். ஆட்டத்துல 6 சதவீதம். 2020-21-ல இருந்து ஐஎஸ்எல்ல அஞ்சு மாற்றம். இடைவேளையில ஒருத்தர், 60-ல ரெண்டு பேர், 75-ல ரெண்டு பேர்னு வச்சா 45 + 30 + 30 + 15 + 15 = 135. கிட்டத்தட்ட 14 சதவீதம்.

அதனால இந்த மூணு அணிக்கும் ஆட்டத்துக்கு நடுவுல இறங்கினவங்களை மட்டும் வச்சு மதிப்பு போட்டா தப்பு. மூணுமே மூணு-மாற்ற காலம். அப்போ பெஞ்சோட உண்மையான வேலை, காயம் பட்டு இல்ல மஞ்சள் அட்டை சேர்ந்து ஒருத்தர் வெளிய போனா அடுத்த சனிக்கிழமை முதல் பதினொண்ணுல நிக்கிறது. 2017-18-ல 18 லீக் ஆட்டம், அரையிறுதி ரெண்டு, இறுதி ஒண்ணு. ஒரு ஆள் ஒரு நிமிசம் விடாம ஆடினா 1890 நிமிசம். கோல்கீப்பரைத் தவிர அதுக்குப் பக்கத்துல போறவங்க ரொம்பக் கொஞ்சம். மிச்ச நிமிசத்தை யார் எடுத்தாங்க, அவங்க எடுத்தப்ப அணி எத்தனை புள்ளி வாங்கிச்சு, அதைப் பார்க்கணும்.

#4 தட்டுவடை செட்

அக்கா வந்தாச்சு, இனி எல்லாரும் கால்குலேட்டரை எடுங்கப்பா 😄

நான் 2019-20 கட்சி. முதல் நாலு ஆட்டத்துல ஒரு கோல் கூட இல்ல. ஆறு ஆட்டத்துல அஞ்சு புள்ளி. கிரிகரி போறாரு, கோய்ல் வர்றாரு. அடுத்த 12 ஆட்டத்துல 24 புள்ளி. ஆளுங்க அதே ஆளுங்க! புதுசா யாரையும் வாங்கி நிரப்பல. அப்போ அந்த ஸ்குவாடு ஆரம்பத்துல இருந்தே நல்ல ஸ்குவாடுதானே? ஆளைக் குறை சொல்லிட்டிருந்த நாமதான் தப்பு.

#5 சேர்வராயன்

தட்டுவடை தம்பி நல்ல கேள்வியை எழுப்பியிருக்கிறார். ஆனால் அது பெஞ்சைப் பற்றிய சான்று அல்ல. கோய்ல் வந்த பிறகு மாறியது முன்வரிசையின் வேகம். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, சாங்தே நால்வரும் பந்து பறித்த உடனே நேராக முன்னால் ஓடினார்கள். வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தது அப்படித்தான். அந்த நால்வரும் முதல் பதினொன்றின் ஆட்கள். அவர்களில் ஒருவர் இல்லாத நாளில் என்ன நடக்கும் என்பதே நம் கேள்வி.

இந்த விவாதத்தில் யாரும் இதுவரை தொடாத ஒன்று இருக்கிறது: வெளிநாட்டு ஆட்டக்காரர் வரம்பு. 2014 முதல் 2016 வரை களத்தில் ஆறு பேர் வரை இருக்கலாம். 2017-18-இல் அது ஐந்தாகக் குறைந்தது. 2021-22 முதல் நான்கு. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஐஎஸ்எல் பெஞ்சைப் பற்றிப் பேசுவது, அளவு தெரியாமல் சட்டை தைப்பது போல.

ஐந்து வெளிநாட்டவரும் களத்தில் நிற்கும்போது ஓர் இந்தியத் தடுப்பாளருக்குத் தசை பிடித்துக்கொள்கிறது என்று வையுங்கள். பெஞ்சில் நல்ல வெளிநாட்டு நடுத்தடுப்பாளர் இருக்கிறார். அவரை இறக்க முடியாது. இறக்கினால் ஆறு பேர் ஆகிவிடும். அவரை இறக்கத்தான் வேண்டும் என்றால் களத்திலுள்ள வெளிநாட்டவர் ஒருவரையும் எடுத்து, அந்த இடத்துக்கு ஓர் இந்தியரை விட வேண்டும். ஒரு காயத்துக்கு இரண்டு மாற்றம். மூன்றே மாற்றம் இருந்த காலத்தில் கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே போய்விடும்.

ஆகவே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டவர் வெளிநாட்டவருக்கு மட்டுமே மாற்று. மற்ற ஆறு இடங்களுக்கும் காப்பு இந்திய ஆட்டக்காரர்களே. கோலி அடுக்கிய பெயர்களில் ஒருவர்கூட இந்தியர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

#6 குகை கோலி

ஐயா, ஒத்துக்கிறேன், அந்தக் கோணத்துல நான் யோசிக்கல. ஆனா 2015-ல ஆறு பேர் இறங்கலாம்னா, இந்திய இடம் அஞ்சுதானே? அஞ்சு இடத்துக்குக் காப்பு வேணும். ஜெஜே, தோய் சிங், கப்ரா, தனசந்திரா, வாடூ இருந்தாங்க. கப்ரா ரைட் பேக்கும் ஆடுவாரு, நடுவுலயும் ஆடுவாரு. ஒரு ஆளு ரெண்டு இடம். அது பெஞ்சுக்கு லாபம்தானே?

#7 செவ்வாய்ப்பேட்டை கொலுசு

லாபம்தான், மறுக்கல. ஆனா 2015-ல இன்னொரு சிக்கல் இருந்துச்சு. இறுதியில கோல் காத்தது அபூலா எடெல். கோல்கீப்பர் வெளிநாட்டவரா இருந்தா, ஆறு இடத்துல ஒண்ணு நிரந்தரமா பூட்டிக்கும். கீப்பரை யாரும் 65-வது நிமிசத்துல மாத்தப் போறதில்ல. ஆக, ஆடி ஓடுற இடத்துக்கு அஞ்சுதான் மிச்சம்.

2017-18-ல கரஞ்சித் சிங். இந்திய கீப்பர். வரம்பு ஆறுல இருந்து அஞ்சா குறைஞ்சும் களத்து ஆட்களுக்கு அதே அஞ்சு இடம் கிடைச்சிருச்சு: கால்டெரோன், மைல்சன், செரெனோ, அகஸ்டோ, நெல்சன். வெளிய மிஹெலிச், கவிலான். வரம்பு குறைஞ்சதோட சேதத்தை ஒரு கீப்பரே தாங்கிட்டாரு. கரஞ்சித்தை யாரும் இந்த கணக்குல பாராட்டினதா தெரியல.

#8 அஸ்தம்பட்டி லெஃப்ட்பேக்

இப்ப என் காரணம். 2017-18 இறுதி, பெங்களூரு கண்டீரவா அரங்கு, 17 மார்ச் 2018. பெங்களூரு 2, நாம 3. சேத்ரி 9-வது நிமிசமே அடிச்சுட்டாரு. மைல்சன் 17-லயும் 45-லயும் கார்னர்ல தலையால, அகஸ்டோ 67-ல. கடைசியில மிக்கு ஒண்ணு. எல்லாருக்கும் மைல்சன் ஞாபகம் இருக்கும். நான் பார்க்கச் சொல்றது அதுக்கு முந்தின ரெண்டு ஆட்டம்.

கோவா அரையிறுதி. ஃபடோர்டாவுல 1-1, நம்ம கோல் அனிருத் தாபா. வயசு 20. சென்னை மெரினா அரங்குல 3-0, ஜெஜே ரெண்டு, தன்பால் கணேஷ் ஒண்ணு. ரெண்டு சுற்றுலயும் நாம அடிச்ச நாலு கோலும் இந்தியக் கால், இந்தியத் தலை. லெஃப்ட் பேக் ஜெர்ரிக்கு அப்ப 19. வலப்பக்கம் பிரான்சிஸ், நடுவுல கணேஷ், பிக்ரம்ஜித், தாபா, ஜெர்மன்ப்ரீத். நடுக்களத்துக்கு மட்டும் நாலு இந்தியர்! ரெண்டு இடத்துக்கு நாலு பேர். முன்னாடி ஜெஜேவுக்குப் பின்னாடி முகமது ரஃபி, உயரமான தலைக்காரர். ஜெஜே கால்ல பந்து வாங்கித் திரும்புவாரு, ரஃபி வானத்துல வாங்குவாரு. ஒரே மாதிரி ரெண்டு பேர் வாங்கி வைக்கல.

இதுதான் பெஞ்சு. அதே அச்சுல வார்த்த ஆளு ஒருத்தன், வேற அச்சு ஒருத்தன்.

#9 தட்டுவடை செட்

சரி, அப்படின்னா அடுத்த வருசம் என்னாச்சு பாஸ்? அதே கிரிகரி, அதே கிளப்பு. 2018-19-ல 18 ஆட்டத்துல ரெண்டு வெற்றி, 9 புள்ளி, பத்தாவது இடம். பத்து அணியில பத்தாவது! அவ்வளவு நல்ல பெஞ்சு எங்க போச்சு?

#10 சேர்வராயன்

இதற்காகத்தான் காத்திருந்தேன். 2018-19 சரிவுதான் 2017-18 பெஞ்சின் மதிப்பைக் காட்டும் கண்ணாடி.

செரெனோ, மிஹெலிச், கவிலான் மூவரும் போனார்கள். எலி சபியா, ஆர்லாண்டி, சலோம் வந்தார்கள். வெளிநாட்டு இடங்கள் ஒன்றுக்கு ஒன்று நிரப்பப்பட்டன, பெயரளவில் குறையில்லை. ஆனால் பருவம் தொடங்கும் முன்பே தன்பால் கணேஷுக்கு முழங்கால் காயம், பருவம் முழுவதும் இல்லை. ஜெஜேவின் கோல் வறண்டது. முதல் பதினொன்றில் இரண்டு இந்தியத் தூண்கள் சாய்ந்தால், பெஞ்சில் இருந்தவர்கள் தொடக்க ஆட்டக்காரர்கள் ஆகிறார்கள். அப்போது பெஞ்சில் யார்? மூன்றாம் வரிசை. ஆழம் என்று நாம் சொல்வது அந்த மூன்றாம் வரிசையைத்தான். இரண்டாம் வரிசையை எல்லாக் கிளப்பும் வைத்திருக்கும்.

கணேஷ் செய்த வேலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கோல் பட்டியலில் வராது. இரண்டு ஃபுல்பேக்குகளும் முன்னால் போகும்போது அவர் இரண்டு நடுத்தடுப்பாளர்களுக்கு முன்னால் எட்டுப் பத்து மீட்டரில் நின்றுவிடுவார். எதிரணி பந்தைப் பறித்து அடிக்கும் முதல் பாஸ் வந்து விழும் இடம் அது. அங்கே ஆளில்லை என்றால் நடுத்தடுப்பாளர் தன் இடத்தை விட்டு வெளியே வர வேண்டும். அவருக்குப் பின்னால் வாசல் திறந்துவிடும். 2018-19-இல் நாம் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்தத் திறந்த வாசலை.

#11 குகை கோலி

கோல்கீப்பர் பார்வையில சொல்லணும்னா ஐயா சொல்றது நூத்துக்கு நூறு. முன்னாடி திரை இல்லன்னா கீப்பருக்கு ஷாட் தெரியிறதே லேட்டு. அப்புறம் "கீப்பர் சரியில்ல"ன்னு மெரினா அரங்குல கத்துவாங்க.

#12 ஏற்காடு மிளகு

நடுவுல ஒரு சின்ன விசயம். பெஞ்சுல இருந்து வர்றவன் முதல் டச்சு தப்பா போனா உடனே திறமை இல்லன்னு எழுதிடறோம். அவன் எந்தப் பந்துல வார்ம்-அப் பண்ணான்னு பார்த்தீங்களா? விதிப்படி ஆட்டப் பந்து 68–70 சென்டிமீட்டர் சுற்றளவு, 410–450 கிராம், காத்து 0.6-ல இருந்து 1.1 அட்மாஸ்ஃபியர். பிஎஸ்ஐ-ல 8.5–15.6. எவ்வளவு அகலமான இடைவெளி பாருங்க. ஆட்டப் பந்து 9-ல இருந்து, கோட்டுக்கு வெளிய பையில கிடக்கிற பந்து 13-ல இருந்தா, ரெண்டுமே சட்டப்படி சரிதான். ஆனா நெஞ்சுல வாங்குற பந்து ஒரு முழம் எகிறும்.

எங்க மலையில இது இன்னும் கூத்து. கீழ சேலத்துல பம்ப் அடிச்சு, இருபது கொண்டை ஊசி வளைவு ஏத்திக் கொண்டு வந்தா பந்து தானா இறுகும். சேலம் கடல்மட்டத்துக்கு சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1500-க்கு மேல. வெளிக் காத்தழுத்தம் குறையிறதுல கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ கூடும். மேல குளிர் இருந்தா அதுல ஒரு பங்கு இறங்கிடும். அதனால மலையில வந்து கேஜ் வச்சுப் பார்த்து, ஊசியை எச்சில் தொட்டு ஈரமாக்கி விட்டு, காத்தைக் கொஞ்சம் இறக்கணும். காய்ஞ்ச ஊசியைச் சொருகினா வால்வு கிழிஞ்சு அந்தப் பந்தே போச்சு.

#13 அஸ்தம்பட்டி லெஃப்ட்பேக்

மிளகு அண்ணா, ஊசிக்கு எச்சிலை விட ஒரு சொட்டு கிளிசரின் நல்லது. பந்துக்குத் தனி இழை போடுங்க, வந்து பேசறேன். இங்க பெஞ்சு.

#14 ஏற்காடு மிளகு

சரிப்பா, மலை இறங்கிட்டேன்.

#15 செவ்வாய்ப்பேட்டை கொலுசு

2019-20-க்கு நியாயம் செய்வோம், தட்டுவடை தனியா நிக்கிறாரு.

வெளிநாட்டவர் ஏழு பேர்: கோயான், சபியா, மசி சைகானி, கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், ஷெம்ப்ரி, ஃபிர்துலெஸ்கு. கோய்ல் காலத்துல பெரும்பாலும் சைகானியும் ஃபிர்துலெஸ்குவும்தான் வெளிய. பின்னாடி ஒரு மாற்று, முன்னாடி ஒரு மாற்று. வெளிநாட்டு இடத்துக்கு இது சரியான அமைப்பு, இதை விடச் சிக்கனமா அமைக்க முடியாது.

இந்தியர்ல விஷால் கைத், ரென்த்லேய், ஜெர்ரி, டொண்டோன்பா, தாபா, ஜெர்மன்ப்ரீத், எட்வின், சாங்தே, தோய் சிங், ரஹீம் அலி. இதுல யாரு பின்னாடி எங்க போனாங்க பாருங்க. சாங்தே மும்பைக்குப் போயி 2022-23-ல சிறந்த ஆட்டக்காரருக்கான கோல்டன் பால். அதே பருவம் மோகன் பகானுக்காகக் கைத் சிறந்த கீப்பருக்கான கோல்டன் கிளவ். தாபாவும் 2023-ல அங்கேயே போனாரு. திறமையை மட்டும் எடைபோட்டா மூணு அணியில இதுதான் கனம்.

ஆனா கனம் இருந்தது முதல் வரிசையில. வால்ஸ்கிஸுக்குப் பின்னாடி நடு முன்கள இந்தியர் யாரு? ஜெஜே முழங்கால் அறுவை சிகிச்சையில, அந்தப் பருவம் முழுக்க இல்ல. ரஹீம் அலி இன்னும் இருபது கூட முழுசா ஆகாத பையன். கோவாவோட அரையிறுதி சென்னையில 4-1, அங்க போய் 2-4, மொத்தம் 6-5. மூணு கோல் முன்னிலையோட போன அணி, கடைசி வரைக்கும் நகத்தைக் கடிக்க வச்சுது. முன்னிலையைக் காப்பாத்த இறக்குற ஆள், பந்தைக் கால்ல வச்சு மூலைக்கொடிப் பக்கம் நேரம் கடத்துற ஆள், அந்த வகை பெஞ்சுல இல்ல.

#16 தட்டுவடை செட்

அக்கா எனக்கு சாதகமா ஆரம்பிச்சு என்னையே கவுத்துட்டாங்க. ஆனா எட்வின் சிட்னி வான்ஸ்பால் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம விடமாட்டேன். சேலத்துக்காரனுக்கு சென்னையை விட கோயம்புத்தூர் கிட்ட; சென்னை சிட்டி கிளப்பு அங்க நேரு ஸ்டேடியத்துல ஐ-லீக்னு இன்னொரு தேசிய லீக் ஆடின காலத்துல இருந்தே அந்த ஆளைத் தெரியும். 2018-19 ஐ-லீக் கோப்பை அணி. மான்சி 21 கோல் அடிச்சாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க. கடைசி நாள், 9 மார்ச் 2019, மினர்வாவை 3-1 ஜெயிச்சப்ப மான்சி பெனால்ட்டி ஒண்ணு, மிச்சம் ரெண்டும் தடுப்பாளர் கௌரவ் போரா. அந்த அணியில இருந்து வந்த எட்வின் நம்மகிட்ட ரைட் பேக்கும் ஆடினான், நடுக்களமும் ஆடினான். ஒரு ஆளு ரெண்டு இடம்னா பெஞ்சுல ஒரு சீட்டு மிச்சம். கோலி கப்ராவுக்குச் சொன்ன கணக்கு இவனுக்கும் பொருந்தும்.

#17 சேர்வராயன்

இரண்டு இடம் ஆடுபவர் மலிவு என்று நினைப்பது ஒரு பொறி. கோர்வையாகச் சொல்கிறேன்.

ரைட் பேக்குக்குக் காயம், எட்வினை நடுக்களத்திலிருந்து அங்கே நகர்த்துகிறீர்கள். இப்போது நடுக்களத்தில் ஓட்டை. அங்கே ஒருவரை இறக்குகிறீர்கள். ஒரு காயத்தால் இரண்டு இடங்களில் பழக்கமில்லாத ஜோடிகள் உருவாகிவிட்டன: ரைட் பேக்கும் அவர் பக்கத்து நடுத்தடுப்பாளரும், நடுக்களத்தில் புதியவரும் பழையவரும். பெஞ்சிலிருந்தே நேரான ரைட் பேக் ஒருவர் வந்திருந்தால் குலைவது ஒரு ஜோடி மட்டும். பலகலை ஆட்டக்காரர் பெஞ்சில் இருக்க வேண்டும், முதல் பதினொன்றில் அல்ல. பெஞ்சில் இருந்தால் ஒருவர் மூன்று இடத்துக்குக் காப்பு. முதல் பதினொன்றில் இருந்தால் அவரை நகர்த்துவதே சேதம்.

இன்னொன்று, மாற்று ஆளின் தரத்தைப் பார்க்க வேண்டிய நேரம். கோல் அடித்தாரா என்பதைவிட, இறங்கிய பிறகு வரும் முதல் எதிரணிக் கார்னரைப் பாருங்கள். கார்னர் தடுப்பில் பல அணிகள் முன்கம்பத்தருகே நிறுத்துவது தங்கள் உயரமான முன்களக்காரரை. தாழ்வாக வரும் பந்தை முதலில் முட்டி வெளியே தள்ளுவது அவர் வேலை. 75-வது நிமிடத்தில் அவரை எடுத்துவிட்டுக் குட்டையான விங்கரை இறக்கினால் முன்கம்பம் காலி. அதை யாருக்கு மாற்றுவது என்று முன்பே பேசிவைத்திருக்க வேண்டும். துணைப் பயிற்சியாளர் கோட்டோரம் கோப்பு ஒன்றை விரித்து இறங்குபவரிடம் காட்டுவது இதைத்தான்: நீ இந்த நம்பரைப் பிடி, இந்த இடத்தில் நில்.

எதிரணிக்குக் கார்னர் கிடைத்திருக்கும் அந்த நேரத்தில் ஆள் மாற்றுவது பெரிய தவறு. நாலாவது நடுவரிடம் சீட்டு கொடுத்த பிறகும், இந்தக் கார்னர் முடியட்டும் என்று சொல்லி நிறுத்திவைக்கலாம். நிறுத்தாத பயிற்சியாளருக்கு விழும் கோலை, பாவம், இறங்கியவன் கணக்கில் எழுதுகிறோம்.

#18 குகை கோலி

இது கீப்பருக்கு நரகம் ஐயா. புதுசா வந்தவன் எங்க நிக்கணும்னு என்னைப் பார்ப்பான், நான் பந்தைப் பார்க்கணும்.

அப்புறம், மைல்சன் இறுதியில முட்டின ரெண்டு கார்னரும் பெங்களூரு பக்கம் இதே மாதிரி ஆள் மாத்தின குழப்பமா?

#19 அஸ்தம்பட்டி லெஃப்ட்பேக்

இல்ல. ரெண்டுமே முதல் பாதி. அது மைல்சனோட தாவலும் பந்து வந்த நேர்த்தியும். அதை மாற்று ஆள் கணக்குல சேர்க்காதீங்க.

#20 செவ்வாய்ப்பேட்டை கொலுசு

வார்ம்-அப்பையும் சேர்த்துக்குங்க. டிவியில தெரியாது, அரங்குல போனாத்தான் தெரியும். ஒழுங்கா இறங்க எட்டுப் பத்து நிமிசம் வேணும்: ரெண்டு மூணு நிமிசம் மெது ஓட்டம், பக்கவாட்டு ஓட்டம், காலை வீசி இடுப்பைத் திறக்கிறது, கடைசியில 20 மீட்டர் ஓட்டம் நாலஞ்சு, ஒவ்வொண்ணும் முந்தினதை விட வேகமா. அந்தக் கடைசிப் பகுதியை விட்டுட்டு மேல் சட்டையைக் கழட்டி இறங்குறவன்தான் மூணாவது ஓட்டத்துலயே தொடைக்குப் பின்னாடி கையை வைக்கிறான். ஹாம்ஸ்ட்ரிங். மாற்று ஆளுக்கே மாற்று தேட வேண்டிய நிலைமை.

அஞ்சு மாற்றம் வந்தப்புறம் இன்னொரு பொறி. அஞ்சு பேரை மாத்தலாம், ஆனா ஆட்டத்தை நிறுத்துறது மூணு தடவைதான். இடைவேளை கணக்குல வராது. 55, 65, 72-ல ஒவ்வொருத்தரா இறக்கிட்டா, இன்னும் ரெண்டு மாற்றம் கையில இருந்தும் பயன் இல்ல. 80-ல காயம்னா பத்துப் பேரோட ஆடணும். முதல் நிறுத்தத்துல ஒருத்தர், ரெண்டாவதுல ரெண்டு பேர், மூணாவதைக் கடைசி பத்து நிமிசம் வரைக்கும் பிடிச்சு வைக்கிறது. இதைச் செய்யாத பயிற்சியாளர்கிட்ட எவ்வளவு நல்ல பெஞ்சைக் கொடுத்தாலும் வீண்.

#21 தட்டுவடை செட்

இப்ப நம்ம காலத்துக்கு வருவோமா? கோய்ல் திரும்பி வந்தாரு, 2023-24-ல ஆறாவது, பிளேஆஃப். 2024-25-ல 13 அணியில 11-வது. இது 2018-19 கதையேதானா?

#22 சேர்வராயன்

கதை அதே வகை, வரம்பு வேறு. இப்போது களத்தில் வெளிநாட்டவர் நால்வர். அதாவது ஏழு இந்திய இடம். மாற்றமோ ஐந்து. ஏழு இடத்துக்கும் நேரான காப்பு வேண்டுமென்றால் பெஞ்சில் பாதிக்கு மேல் இந்தியர். 2015-இல் ஐந்து இடத்துக்குக் காப்பு தேடிய கிளப் இன்று ஏழுக்குத் தேடுகிறது. சந்தையிலோ எல்லாக் கிளப்பும் அதே லெஃப்ட் பேக்கைத்தான் தேடுகின்றன. இடது காலில் ஆடும் இந்திய ஃபுல்பேக் நம் ஊர் மல்கோவா மாதிரி, பருவத்தில் முந்தினவருக்குத்தான்.

#23 அஸ்தம்பட்டி லெஃப்ட்பேக்

என் பேரை வச்சே சொல்றீங்க 😂

சரி, ஓட்டு நிலவரம். எனக்கும் சேர்வராயன் ஐயாவுக்கும் 2017-18. தட்டுவடை 2019-20, மாறமாட்டாராம். கோலி?

#24 குகை கோலி

கோப்பைன்னா இன்னும் 2015-தான் எனக்கு. வெள்ளம் வந்து அரையிறுதி வீட்டு ஆட்டத்தையே புனேவுக்குத் தூக்கிட்டுப் போய், அங்க 3-0 ஜெயிச்ச அணி அது. பெஞ்சுன்னு கேட்டா 2017-18. கரஞ்சித் கணக்கு ஒண்ணே போதும்.

#25 செவ்வாய்ப்பேட்டை கொலுசு

நானும் 2017-18, ஆனா அரை ஓட்டு. மூணாம் வரிசை இல்லாத பெஞ்சுக்கு முழு ஓட்டு போட மனசு வரல.

அடுத்த வீட்டு ஆட்டத்துக்கு ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல போறவங்க ஒரு தாள் வச்சுக்குங்க. பெஞ்சுல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் நாலே கட்டம்: எத்தனாவது நிமிசம் வார்ம்-அப்புக்கு எழுந்தாங்க, கடைசி வேக ஓட்டம் செஞ்சாங்களா, எத்தனாவது நிமிசம் இறங்கினாங்க, முதல் எதிரணிக் கார்னர்ல எங்க நின்னாங்க. ரெண்டு பேரா உட்காருங்க. ஒருத்தர் ஆட்டத்தைப் பார்க்கட்டும், ஒருத்தர் கோட்டோரத்தை. மழை மாசம், பேனா வேண்டாம், பென்சில்.

#26 தட்டுவடை செட்

கோட்டோரம் நான் பார்க்கிறேன். கார்னர் கட்டத்தை மட்டும் கோலிகிட்ட கொடுங்க, அவரு எப்படியும் ஆட்டத்தைப் பார்க்காம கோல்போஸ்டைத்தான் பார்ப்பாரு.